ஷட்டரை போனில் இணைக்கும்போது செய்யக்கூடாதவை

போன வாரம் நீடாமங்கலம் பக்கம் ஒரு தம்பி, கார் ஷெட்டின் மோட்டார் ஷட்டரை ஹோம் அசிஸ்டன்ட்டில் (வீட்டுக் கருவிகளைப் போனிலிருந்து இயக்கும் மென்பொருள்) சேர்த்துவிட்டேன் என்று கூப்பிட்டுக் காட்டினார். போனைத் தொட்டதும் ஷட்டர் ஏறியது, அவர் அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம். நான் குனிந்து கீழ்ப்பட்டையைப் பார்த்தேன். ஷட்டர் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று சொல்லும் சென்சார் இல்லை. நானும் முதலில் இப்படித்தான் மாட்டினேன். வைஃபை பாஸ்வேர்டு தப்பாகப் போவது மாதிரியானவற்றை அவரவரே சரிசெய்துகொள்வார்கள், அதெல்லாம் இங்கே வேண்டாம்.

ஷட்டர் எங்கே நிற்கிறது என்று தெரியாமல் கட்டளை போடுவது

பல மோட்டார் போர்டுகளில் பொத்தானுக்கு ஒரே ஒரு ஜோடி முனைதான். ஒரு தட்டு தட்டினால் ஏறும், இன்னொரு தட்டில் நிற்கும், அடுத்ததில் இறங்கும். ‘மூடு’ என்று தனியாக ஒரு கட்டளையே அதற்குக் கிடையாது. போனில் நாம் மூடு என்று அழுத்தினாலும் போர்டுக்குப் போவது அதே தட்டுதான். சென்சார் இல்லாவிட்டால், கடைசியாகத் தான் என்ன அனுப்பினோம் என்பதை வைத்துத்தான் ஆப் நிலையைச் சொல்லும்.

எங்கள் வீட்டில் இரவு பத்து மணிக்குத் தானாக மூடும்படி வைத்திருந்தேன். குறுவை அறுத்து நாற்பது மூட்டை நெல் ஷெட்டில் கிடந்த சமயம். காலையில் போனில் திறந்ததை, ராத்திரி சாப்பிட்டுவிட்டு அப்பா சுவர்ப் பொத்தானால் மூடிவிட்டார். ஆப்புக்கு அது தெரியாது, ஷட்டர் இன்னும் திறந்திருக்கிறது என்றே நினைத்துப் பத்து மணிக்கு ஒரு தட்டு அனுப்பியது. மூடியிருந்த ஷட்டர் திறந்துகொண்டது. போனில் ‘மூடியது’ என்று பார்த்துவிட்டு நானும் தூங்கிவிட்டேன். விடியற்காலை கீழைக் காற்றோடு மழை. "டேய், ஷட்டர் தெறந்து கெடக்குடா" என்று அப்பா எழுப்பும்போது முன்வரிசை மூட்டைகள் சொட்டச் சொட்ட நனைந்திருந்தன. கொள்முதலுக்கு ஈரப்பதம் 17 சதவீதம் என்று வரம்பு இருக்கும்போது அந்த நெல்லை எங்கே கொண்டுபோவது? மூன்று நாள் களத்தில் கொட்டிக் கிளறினோம், இரண்டு மூட்டை முளைத்தே போனது. இப்போது நினைத்தாலும் எரிச்சல் வருகிறது, காந்தம் பக்கத்தில் வந்ததும் தெரிந்துகொள்ளும் ஒரு ரீட் சுவிட்ச், அதாவது சென்சார், இருந்திருந்தால் போதும்.

காந்தத்தைக் கீழ்ப்பட்டையிலும் சுவிட்சைப் பக்கச் சட்டத்தின் அடியிலும் மாட்டுங்கள். இரும்புக்குப் பக்கத்தில் காந்தத்தின் வீச்சு குறையும், அதனால் இரும்புக் கதவுக்கென்று வரும் பெரிய சுவிட்சையே வாங்குங்கள். மேலேயும் ஒன்று வைத்தால் பாதியில் நிற்பதும் தெரியும். அப்புறம் விதியில், சென்சார் ‘திறந்திருக்கிறது’ என்றால் மட்டும் ஒரு தட்டு, அரை நிமிடம் கழித்தும் மூடவில்லை என்றால் போனுக்குச் செய்தி. மறுபடி தட்ட விடாதீர்கள், அது எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல முடியாது. ஏற, நிற்க, இறங்க என்று மூன்று தனி முனை உள்ள போர்டில் இந்தத் தலைகீழ் நடக்காது, ஆனால் பாதியில் சிக்கி நின்றால் அங்கேயும் சென்சார்தான் சொல்ல வேண்டும்.

கரண்ட் போய் வரும்போது

போன் கட்டளையை வாங்கிப் பொத்தான் முனையைத் தட்டும் சுவிட்ச்தான் ரிலே. கரண்ட் திரும்பும்போது அது தானாகத் தட்டிவிடாதபடி, அதன் பவர்-ஆன் நிலை ‘ஆஃப்’ மட்டுமே. அரை விநாடித் தட்டையும் ரிலேக்குள்ளேயே அமையுங்கள், டாஸ்மோட்டா என்ற ரிலே மென்பொருளில் அது பல்ஸ்டைம் 5. ஆன், ஆஃப் இரண்டையும் ஹோம் அசிஸ்டன்ட்டிலிருந்து தனித்தனியாக அனுப்பினால், நடுவில் வைஃபை போகும்போது பொத்தான் அழுத்தியபடியே நின்றுவிடும்.

மெயின்ஸ் வரும் ரிலே

பொத்தான் முனைக்கு ட்ரை காண்டாக்ட் ரிலே மட்டும், அது தன் பக்கமிருந்து கரண்ட் அனுப்பாமல் இரண்டு முனையைச் சேர்த்துப் பிரிக்க மட்டும் செய்யும். 230 வோல்ட் போனால் போர்டு கருகிவிடும்.

கண் இல்லாமல் தானாக மூடுவது

குழந்தையும் ஆட்டுக்குட்டியும் குறுக்கே ஓடும் வாசல் இது. அமெரிக்காவில் வீட்டு கராஜ் கதவு மோட்டார்களுக்கு, குறுக்கே ஆள் வந்தால் கண்டுபிடிக்கும் ஒளிக்கதிர்க் கண் போன்ற பாதுகாப்பு 1993 முதல் சட்டப்படி கட்டாயம். நம் ஊரில் அதை நாமேதான் கேட்டு வாங்கி மாட்ட வேண்டும். மாட்டும்வரை தானாக மூடும் விதியை எழுதாதீர்கள், ஷட்டரைக் கண்ணால் பார்த்துக்கொண்டே மூடுங்கள்.

கம்பெனி சர்வரை மட்டும் நம்புவது

2023இல் மைக்யூ என்ற அமெரிக்க கராஜ் கதவு ஆப் தன் சர்வருக்குள் வெளி மென்பொருளை வரவிடாமல் அடைத்தது, ஹோம் அசிஸ்டன்ட்டும் அந்த இணைப்பை நீக்கிவிட்டது. வீட்டு நெட்வொர்க்குக்குள்ளேயே பேசும் கருவியாக வாங்குங்கள்.

கைச்சங்கிலி

கரண்ட் இல்லாதபோது ஷட்டரைக் கையால் ஏற்றி இறக்கும் சங்கிலியைக் கழற்றிப் பரணில் போடாதீர்கள். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. எங்கள் வீட்டில் அது ஷட்டர் பக்கத்து ஆணியில்தான் தொங்குகிறது, மாதம் ஒருமுறை அப்பா இழுத்துப் பார்த்துவிடுவார்.