மதுரையின் சிரிப்பை அது பிறந்த மேடையிலேயே பார்ப்பது எப்படி?

வடிவேலு, சூரி, ரோபோ சங்கர், மதுரை முத்து என்று பேர் சொல்லிக்கொண்டே போகலாம். வெளியூர் நண்பர்கள் வந்தால் கேட்பது ஒரே கேள்விதான்: "அது என்னண்ணே, உங்க ஊர்ல இருந்து மட்டும் இத்தனை காமெடியன்?" நான் பதில் சொல்வதில்லை. ஒரு பகலும் ஒரு ராத்திரியும் ஒதுக்கிக்கொண்டு வாருங்கள் என்பேன். இருபத்தெட்டு வருஷம் மதுரையில் நாடக நோட்டீஸ் அச்சடித்தவன் நான். அந்த ஒரு நாளை எப்படிக் கழிக்கலாம் என்று எழுதுகிறேன்.

முதலில் மாதம் முக்கியம். நான் காட்ட நினைக்கிற மேடை, கிராமத்துக் கோயில் திருவிழாக்களில் ராத்திரி முழுக்க நடக்கும் நாடகம். பங்குனியில் தொடங்கி ஆடி வரைதான் அந்தத் திருவிழா சீசன். மற்ற மாதங்களில் வந்தால் கட்டடங்களைத்தான் பார்த்துவிட்டுப் போக வேண்டியிருக்கும்.

காலையில் சிம்மக்கல்லில் இறங்கி தமிழ்ச்சங்கம் சாலைக்கு நடந்து வாருங்கள். அங்கே நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் சிலை இருக்கிறது. 1918இல் மதுரையில் 'தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை'யைத் தொடங்கியவர் இவர். சின்னப் பையன்களைச் சேர்த்துப் பாட்டும் வசனமும் சொல்லிக்கொடுத்த சபை அது. நாடக நடிகர்களான டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கே வளர்ந்தவர்கள். பிறகு அவர்கள் தாங்களே நடத்திய கம்பெனியில் நடித்து மேலே வந்தவர்தான் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன். தமிழ் சினிமாச் சிரிப்பின் வேரில் ஒன்று இந்த ஊரில்தான் இருக்கிறது. அந்தச் சிலைக்கு முன்னால் கொஞ்ச நேரம் நில்லுங்கள்.

அப்புறம் ஊருக்குள் ஒரு சுற்று. அனுமந்தராயன் கோயில் தெருவில் எம்.எஸ். சுப்புலட்சுமி பிறந்து வளர்ந்த வீடு, முகப்பில் வீணைச் சின்னத்தோடு இருக்கும். மேலப்பெருமாள் மேஸ்திரி வீதியில் 1952 தீபாவளிக்கு 'பராசக்தி'யோடு திறந்த தங்கம் தியேட்டர் இன்று இல்லை. இரண்டாயிரத்து ஐந்நூறு பேருக்கு மேல் உட்கார்ந்த கொட்டகை அது. 1937இல் வந்த 'சிந்தாமணி' படத்தின் லாபத்தில் கட்டி, அதே பேரை வைத்த சிந்தாமணி தியேட்டரும் போய்விட்டது. இதற்கெல்லாம் அரை நாள் போதும்.

சாயங்காலத்துக்குள் கையில் ஒரு நாடக நோட்டீஸ் இருக்க வேண்டும். நாடக நடிகர் சங்கத்தின் பக்கம் விசாரித்தால் இன்று ராத்திரி எந்த ஊரில் நாடகம் என்று சொல்லிவிடுவார்கள். டீக்கடைச் சுவர்களிலும் ஒட்டியிருக்கும். நோட்டீஸை வாசிக்கத் தெரிந்துகொள்ளுங்கள். மேலே அம்மன் படம், ஊர்ப் பேர். அடுத்து ராஜபார்ட் (கதாநாயகன்), ஸ்திரீபார்ட் (கதாநாயகி) படங்கள் பெரிதாக. அதற்குக் கீழே சிரிக்கவைக்கும் பபூன், டான்ஸ். கடைசியில் பின்பாட்டு, மிருதங்கம், மற்றத் தாளக் கருவிகளை வாசிக்கும் ஆல்ரவுண்ட். எங்கள் அச்சகத்தில் ஒவ்வொரு நடிகர் முகத்துக்கும் ஒரு பிளாக், அதாவது படம் அச்சடிக்கும் கட்டை, இருந்தது, இரண்டு இழுப்பறை நிறைய. பபூன்களின் பிளாக்குகள்தான் சீக்கிரம் தேய்ந்தன. அவர்களைத்தான் அத்தனை ஊரும் கேட்டது.

ஒவ்வொரு பேரின் பக்கத்திலும் வேறு வேறு ஊர் போட்டிருப்பதைக் கவனியுங்கள். இது கம்பெனி நாடகம் இல்லை, ஸ்பெஷல் நாடகம். ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பேசி அழைத்து வருவார்கள். ஒத்திகை கிடையாது. மேடையில் ஏறிய பிறகுதான் எதிரில் நிற்பவர் என்ன பேசுவார் என்றே தெரியும். மதுரைச் சிரிப்பின் வேகம் இந்தப் பழக்கத்திலிருந்து வந்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன். கேட்ட காது அந்த நொடியே பதில் சொல்லியாக வேண்டும்.

பாய், துண்டு, தண்ணீர் எடுத்துக்கொண்டு பத்து மணிக்கெல்லாம் போய் முன்வரிசைப் பெண்களுக்குப் பின்னால் உட்காருங்கள். ஆர்மோனியக்காரர் பாடி முடித்ததும் பபூன் தனியாக வருவார். தாய்மார்களைக் கும்பிட்டு, தப்பாகப் பேசினால் மன்னிக்கச் சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிப்பார். மிருதங்கத்தைப் பார்த்து ஒரு கேள்வி கேட்பார், மிருதங்கம் ஒரே தட்டில் பதில் சொல்லும். அவர் சொல்லும் கதை எல்லாம் அவர் அடி வாங்கிய கதை, அசிங்கப்பட்ட கதை. வடிவேலுவின் பேச்சு உங்கள் காதில் தானாக வந்து விழும்.

மேலூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் நான் பார்த்தது. பபூன் பேசிக்கொண்டிருக்கும்போதே கரண்டு போய்விட்டது. மைக்கும் இல்லை, வெளிச்சமும் இல்லை. மனிதர் நிறுத்தவில்லை. "ஆத்தா, இப்ப நான் நல்லா இருக்கேன்ல?" என்று இருட்டிலிருந்து கேட்டார். ஒரு கிழவி, "பேசாம இருந்தா இன்னும் நல்லா இருப்ப" என்றாள். "அப்ப என் பொண்டாட்டி உங்க ஊர்க்காரிதான்" என்றார் அவர். ஜெனரேட்டர் ஓடுகிறவரை பத்து நிமிஷத்துக்கு மேல், வெறும் குரலை வைத்தே கூட்டத்தைக் கட்டிப்போட்டார். ஒரு குழந்தைகூட எழுந்து போகவில்லை.

நள்ளிரவுக்கு மேல் தூங்கிவிடாதீர்கள். 'வள்ளி திருமணம்' என்றால் நாரதருக்கும் வள்ளிக்கும் தர்க்கம் வரும். பாட்டுக்குப் பாட்டு, சொல்லுக்குச் சொல். இதே ஊர்தான் பட்டிமன்றத்தையும் கொண்டாடியது. அமெரிக்கன் கல்லூரித் தமிழ்ப் பேராசிரியர் சாலமன் பாப்பையா அதைத் தொலைக்காட்சி வழியாக வீட்டுக்குள்ளேயே கொண்டுவந்தார். விவேக்கும் அந்தக் கல்லூரியில் படித்தவர்தான்.

பிடித்திருந்தால் அன்பளிப்புக் கொடுங்கள், மைக்கில் உங்கள் பேர் சொல்லுவார்கள். விடியும்போது முருகனுக்கும் வள்ளிக்கும் மாலை மாற்றி மங்களம் பாடி முடிப்பார்கள். உடனே பஸ் ஏறாமல் மேடைக்குப் பின்னால் போங்கள். பபூன் தேங்காய் எண்ணெய் தொட்டு அரிதாரத்தைத் துடைத்துக்கொண்டிருப்பார். ஒரு டீ வாங்கிக் கொடுத்து, நாளை ராத்திரி எந்த ஊர் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.