கழிப்பறைக் கதவை யார் பிடிப்பது? சிறுவர் நாவல் எழுதுவோர் விடும் பிழைகள்

கொழும்பில் சிறுவர் நாவல் எழுதிப் பார்க்கிறவர்கள் சிலர் கைப்பிரதியைக் கொண்டுவந்து தந்து, "ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்கோ மிஸ்" என்பார்கள். ஆரம்ப வகுப்புகளில் நிறைய வருடம் படிப்பித்தவள் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி இல்லை. அப்படி வருகிற கதைகளில் ஒரு கரு திரும்பத் திரும்ப வரும். ஒன்பது பத்து வயதுப் பிள்ளை, அதன் மனதுக்குள் கிடக்கிற கவலைகள், அது இழந்துபோகிற உயிர்ச் சிநேகிதி. கரு நல்லது. பிழைகளும் திரும்பத் திரும்ப வருவதால்தான் இதை எழுதுகிறேன்.

முதலாவது, சிநேகிதியைச் சாகடித்துவிடுவது. டெங்குக் காய்ச்சல், வீதி விபத்து, கடல் என்று ஏதாவது ஒன்று வந்து எட்டாம் அத்தியாயத்தில் அவளைக் கொண்டுபோய்விடும். மரணத்தை எழுதக் கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் இழப்பு என்றாலே மரணம் என்று எடுத்துக்கொள்கிறவர் கொழும்பைப் பார்க்கவில்லை. வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு தமிழ்ப் பிள்ளை தன் சிநேகிதியை இழப்பது பெரும்பாலும் கட்டுநாயக்கா விமான நிலையத்தில். மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம்வரை நீண்ட 2022ஆம் ஆண்டில், பத்தரமுல்லையில் கடவுச்சீட்டுக்கு நின்ற வரிசையைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அந்த வரிசையில் நின்றவர்களின் பிள்ளைகள் எல்லோரும் ஏதோ ஒரு வகுப்பில் யாரோ ஒருவருக்குப் பக்கத்தில் இருந்தவர்கள்தானே.

செத்த வீடு என்றால் சனம் வரும். எட்டுச் செலவு, 31ஆம் நாள் அந்தியேட்டி என்று சடங்குகள் இருக்கின்றன. அழுகிறவளுக்கு ஒரு மூலையும், தேத்தண்ணி கொண்டுவந்து கொடுக்க ஒரு மாமியும் இருப்பார்கள். சிநேகிதி கனடா போகும்போது என்ன நடக்கிறது? கேக் வெட்டுகிறார்கள். "அதுகளுக்கு நல்ல காலம்" என்கிறார்கள். ஊருக்கெல்லாம் நல்ல செய்தி, ஒரு பிள்ளைக்கு மட்டும் கெட்ட செய்தி. அந்தப் பிள்ளை கொண்டாட்ட வீட்டின் நடுவில் காகிதத் தட்டில் பற்றிஸ் வைத்துக்கொண்டு நின்று துக்கப்பட வேண்டியிருக்கிறது. அழுதால், "அவள் நல்லாயிருக்கிறது உமக்குப் பிடிக்கேல்லையோ?" என்று கேட்பதற்கும் ஆள் இருக்கும். நாவல் அங்கேதான் கிடக்கிறது. மரணத்துக்கு ஓடிப்போகிற எழுத்தாளர் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்.

சரி, வெளிநாட்டுக் கதைதான் எழுதுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். அடுத்த பிழை உடனே வரும். முதலாம் அத்தியாயத்திலேயே, "நாங்கள் டிசம்பரில் கனடா போகிறோம்" என்று சிநேகிதி அறிவித்துவிடுவாள். எந்த வீட்டில் அப்படி நடக்கிறது? விசா கைக்கு வரும்வரை வாய் திறக்கக் கூடாது, கண்ணூறு பட்டுவிடும். சொந்த மாமாவுக்கே சொல்லாமல் வைத்திருப்பார்கள். பத்து வயதுப் பிள்ளையின் வாயையும் கட்டிவிடுவார்கள். அதாவது, மூன்று மாதமாகச் சிநேகிதிக்குத் தெரியும், கதாநாயகிக்குத் தெரியாது. கடைசியில் தெரியவரும்போது "போகப்போகிறாள்" என்பதைவிட, "அன்றைக்கு மாலுபணிஸைப் பிய்த்து எனக்குப் பாதி தந்தபோதும் அவளுக்குத் தெரிந்திருந்தது" என்பதுதான் குத்தும். அறிவிப்பை எடுத்துவிட்டு அடையாளங்களை வையுங்கள். அவள் வீட்டுச் சைக்கிள் கீழ்மாடிப் பொடியனிடம் போய்விட்டது. சப்பாத்து கிழிந்தும் புதிது வாங்கவில்லை. குளியலறைத் தராசு ஹோலுக்கு வந்து, அதன்மேல் ஒரு சூட்கேஸ் நிற்கிறது. பிள்ளைகள் இவற்றையெல்லாம் பார்ப்பார்கள், கூட்டிப் பார்க்கமாட்டார்கள். கூட்டிப் பார்ப்பது வாசிக்கிற பிள்ளையின் வேலை.

அப்புறம் இந்த வட்ஸ்அப். "இப்போதுதான் வீடியோ கோல் இருக்கிறதே" என்று எழுத்தாளரே நம்பிவிடுகிறார். ஒரு கைப்பிரதியில் இரண்டு சிறுமிகளும் தினமும் பள்ளி விட்டு வந்து கதைத்தார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். கொழும்புப் பிள்ளை பின்னேரம் 2 மணிக்கு வீட்டுக்கு வருகிறாள். ரொறன்ரோவில் அப்போது கோடைகாலத்தில் அதிகாலை 4.30, குளிர்காலத்தில் 3.30. அங்கே அவள் பள்ளி முடிந்து 4 மணிக்கு வரும்போது இங்கே நடுச்சாமம் தாண்டி 1.30 அல்லது 2.30. இருவரும் விழித்திருக்கிற நேரம் இங்கத்தைய காலையும் மாலையும்தான். காலை 6 மணி என்றால் இவள் பள்ளிக்கூட வானுக்கு ஓடுகிறாள், மாலை 5.30 என்றால் அவள் அங்கே பள்ளிக்கு வெளிக்கிடுகிறாள், இவளுக்கு ரியூஷன். எப்போதும் யாரோ ஒருத்தி அவசரத்தில் இருப்பாள். அதுவும் போதாதென்று, பழகிவிட்ட நேரத்தை நவம்பரில் அங்கே மணிக்கூட்டைத் திருப்பி வைத்து ஒரு மணித்தியாலம் பிசக வைப்பார்கள். இங்கே மணிக்கூடு மாறுவதில்லை. ஏன் அழைப்பு வரவில்லை என்று தெரியாமல் போனையே பார்த்துக்கொண்டிருக்கிற ஒரு பிள்ளை உங்களிடம் இருக்கிறது. ஒரு முழு அத்தியாயம் இலவசமாகக் கிடைத்திருக்கிறது. அதுவும் அம்மாவின் போன். அம்மா பக்கத்தில் நின்று, "தரம் 5 பாடமெல்லாம் எப்படிப் போகுதெண்டு அவளிட்ட சொல்லு" என்பார். அம்மா கேட்டுக்கொண்டிருக்கும்போது சிநேகிதிகள் என்னத்தைக் கதைப்பது?

மரணத்தைத்தான் எழுதுவேன் என்கிறவர்களுக்கு இரண்டு விஷயம். நித்திரை கொள்கிறாள், சாமி கூட்டிக்கொண்டு போய்விட்டார், தூரப் பயணம் போய்விட்டாள் என்ற சொற்கள் வேண்டாம். சாவை நித்திரை என்று கேட்ட சின்னப் பிள்ளை இரவில் கண் மூடப் பயப்படும். தூரப் பயணம் என்றால் கொழும்புப் பிள்ளை எந்த நாட்டுக்கு என்று கேட்கும். செத்தவர் திரும்பி வரமாட்டார், உடம்பு இயங்காது என்பது பொதுவாக 5 வயதுக்கும் 7 வயதுக்கும் இடையில் பிள்ளைகளுக்கு விளங்கத் தொடங்கும். ஆகவே உங்கள் ஒன்பது வயதுக் கதாநாயகியை நாலு வயதாக்கி எழுதாதீர்கள். அவளுக்குத் தெரியும். ஆனால் தெரிந்திருந்தும், "நான் அவளோடு கோபம் போட்டதாலதான் இப்படி ஆச்சோ" என்று இரகசியமாக நினைப்பாள். அதை யாரிடமும் சொல்லவும் மாட்டாள். இன்னொன்று, பிள்ளை தொடர்ந்து அழுவதில்லை. பத்து நிமிஷம் அழும், எழும்பிப் போய்க் கரம் விளையாடும், ஐஸ்கிறீம் கேட்கும், இரவில் திரும்ப அழும். "இவளுக்குக் கவலையே இல்லை" என்று பெரியவர் ஒருவர் கதைக்குள் சொல்லலாம். எழுதுகிற நீங்கள் அப்படி நினைக்கக் கூடாது.

இப்போது எனக்குப் பிடித்த பகுதி, கவலைகள்.

ஒரு கைப்பிரதியில் ஒன்பது வயதுப் பையன் ஜன்னலால் கடலைப் பார்த்து, "இந்த நாட்டில் எங்களுக்கு எதிர்காலம் இருக்குமா?" என்று யோசித்தான். அது அவனுடைய கவலையில்லை, எழுதினவரின் கவலை. பிள்ளைகளின் கவலைகளை நான் வகுப்பில் கேட்டிருக்கிறேன். வான் என்னை விட்டுவிட்டுப் போய்விடுமோ. புலமைப்பரிசில் பரீட்சையில் வெட்டுப்புள்ளிக்குக் கீழே வந்தால் அம்மா போனில் லண்டன் மாமிக்கு என்ன சொல்லுவா. அப்பாவும் அம்மாவும் குசினியில் மெதுவாகக் கதைப்பது என்னைப் பற்றியா. கொப்பியில் சிவப்புக் கோடு போட்டு மிஸ் கையெழுத்து வாங்கிவரச் சொன்னது. பெரியவருக்கு இவையெல்லாம் சின்ன விஷயம். பிள்ளைக்கு உள்ளே இருக்கிற இடமே அவ்வளவுதான், சின்ன விஷயமே அதை நிறைத்துவிடும். அதோடு பிள்ளை, "எனக்குக் கவலையாக இருக்கிறது" என்று சொல்லாது. திங்கட்கிழமைக் காலையில் வயிற்றுக்குத்து என்று சொல்லும். சனிக்கிழமைகளில் அந்த வயிற்றுக்குத்து வராது.

இதில் நான் கண்ட மிக நல்ல விவரம் ஓர் இளம் எழுத்தாளருடைய கைப்பிரதியில் இருந்தது. இரண்டாம் அத்தியாயத்தில், பள்ளிக்கூடக் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. ஒருத்தி உள்ளே போனால் மற்றவள் வெளியில் நின்று கதவைப் பிடித்துக்கொள்வாள், பாட்டுப் பாடிக்கொண்டு. பாட்டுக் கேட்கிறவரை பயமில்லை. இதை வாசித்தபோது எழும்பி நின்று கைதட்டலாம் போல இருந்தது. கவலையும் சிநேகிதமும் ஒரே கதவில்.

பிறகு அவரும் எல்லோரும் விடுகிற பிழையை விட்டார். கவலைகளை ஒரு பக்கம், இழப்பை இன்னொரு பக்கம் வைத்துவிட்டார். முதல் பாதி முழுக்கக் குட்டிக் குட்டிக் கவலைகள்; சிநேகிதி போனதும் அவை எல்லாம் மறைந்து, கண்ணீரும் கடிதமும் மட்டும் மிஞ்சின. நடப்பது அப்படியில்லை. பெரிய துக்கம் பிள்ளையிடம் சின்னக் கவலையின் உருவில்தான் வரும். இரண்டு பேர் இருக்கிற வாங்கில் பக்கத்தில் யார் இருப்பது, சோடி பிடிக்கச் சொன்னால் யாருடைய கையைப் பிடிப்பது.

சிநேகிதியைத் தேவதை ஆக்குவதும் ஒரு பிழை. என் நாலாம் வகுப்புச் சிநேகிதி லண்டனுக்குப் போனபோது, ஸ்ட்ரோபெரி மணக்கிற என் அழிறப்பர் அவளிடம் இருந்தது. கேட்டதற்குத் தரவில்லை, இரண்டு நாள் கோபம் போட்டிருந்தோம், மூன்றாம் நாள் அவளுடைய கதிரை வெறுமையாக இருந்தது. நான் அழுதது அவளுக்காகவா அழிறப்பருக்காகவா என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது. வகுப்பில் அப்போது, "நல்ல பிள்ளைகள் அழமாட்டார்கள்" என்றார்கள். தீராத ஒரு சின்னக் கணக்கு இருந்தால்தான் போனவள் உயிரோடு நிற்பாள். எந்நேரமும் சிரித்து, எல்லாவற்றையும் பகிர்ந்து, ஒருநாளும் பொய் சொல்லாத சிநேகிதியைப் பிள்ளை நம்பாது. போனால் தேடவும் மாட்டாது.

அம்மம்மாவின் பிரசங்கத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. கடைசிக்கு முன் அத்தியாயத்தில் அவர் பிள்ளையை மடியில் வைத்து, ஆறு ஓடிக்கொண்டே இருக்கும் என்று தொடங்கினால் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடுங்கள். நானும் அம்மம்மாதான், நாங்கள் அவ்வளவு அழகாகக் கதைப்பதில்லை. தலைக்கு எண்ணெய் வைத்துவிடுவோம். கடைசி அத்தியாயத்தில் வகுப்புக்கு ஒரு புதுப்பிள்ளை வந்து வெறும் கதிரையில் இருப்பதும் அப்படியே. கதிரையை நிரப்பலாம். ஆனால் வாசிக்கிற பிள்ளைக்கு அதில் வேறொன்று விளங்கும்: நாளைக்கு நான் போனாலும் இப்படித்தான் ஒருத்தி வந்து என் இடத்தில் இருப்பாள்.

மொழியில் ஒரு பொறி இருக்கிறது. தமிழ்நாட்டுப் படங்களிலிருந்து உரையாடலை எடுக்கிறவர்கள், "அம்மா என்னோடு பேசினாள்" என்று எழுதுவார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு அம்மா பேசினா என்றால் ஏசினா. "ஐயோ, ஏன் பேசினவ?" என்று கேட்கும். இங்கே கதைப்பதுதான். அதற்காகக் கொழும்புப் பிள்ளைகள் எல்லோரையும் ஒரே மாதிரிக் கதைக்க விடவும் வேண்டாம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து மூன்று வருடமான பிள்ளை, மலையகத்திலிருந்து வந்த பிள்ளை, முஸ்லிம் பிள்ளை என்று ஒரே வாங்கில் மூன்று தமிழ் இருக்கும். நடுவில் சிங்களமும் ஆங்கிலமும் நுழையும்.

நகரத்தை வாழ்த்து அட்டையாக்காதீர்கள். காலிமுகத்திடலும் பட்டமும் எல்லாக் கைப்பிரதியிலும் வருகின்றன. ஒருமுறை வந்தால் போதும். வெள்ளவத்தையில் கடலோரம் ரயில் போகும்போது கதைத்துக்கொண்டிருப்பவர்கள் வாயை மூடி, அது கடந்தபின் விட்ட இடத்திலிருந்து தொடங்குவார்கள். சிநேகிதி உண்மையைச் சொல்ல வாய் திறக்கிற நேரம் ரயிலை விடுங்கள். ரயில் போனபின் அவள் வேறு எதையோ சொல்லட்டும்.

கடைசியாக ஒன்று. எழுதி முடித்ததும் பெரியவர்களுக்கு வாசித்துக் காட்டுவது. நாங்கள் கட்டுநாயக்கா அத்தியாயத்தில் அழுவோம், நீங்கள் சந்தோஷப்படுவீர்கள். பிரயோசனம் இல்லை. பிள்ளைக்கு வாசியுங்கள், எங்கே எழும்பித் தண்ணீர் குடிக்கப் போகிறது என்று பாருங்கள். அந்தத் தாழ்ப்பாள் இல்லாத கதவின் கதையை என் பேத்திக்கு வாசித்தேன். விமான நிலையத்தில் சிநேகிதிகள் கட்டிப்பிடித்து அழுத நாலு பக்கமும் அவள் கால் விரலை நோண்டிக்கொண்டிருந்தாள். முடிந்ததும் கேட்டாள், "அப்ப இனி கதவை ஆர் பிடிக்கிறது, அம்மம்மா?"

அதை எழுதினவருக்கு அப்படியே சொன்னேன். போனில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. "மிஸ், பிரதியைத் திருப்பித் தாறீங்களா?" என்றார்.