ரீச் திடீரெண்டு விழுந்தா முதல்ல எங்க பாக்கோணும்

திருகோணமலையில பேஜ் வச்சு யாவாரம் செய்யிற ரெண்டு பேர் சந்திச்சா இப்ப முதல் வாற கதையே ரீச் இல்லை எண்டதுதான், அதாவது போடுறது ஆக்களிட்டப் போய்ச் சேருறேல்லை எண்டு. கேக் செய்யிற அக்காவும் சொல்றா, கின்னியாவில தயிர் விக்கிற தம்பியும் சொல்றான், ஷடோபேன் போட்டுட்டாங்கள், அதாவது சொல்லாமக் கொள்ளாம எங்கட போஸ்டுகளை மறைச்சிட்டாங்கள் எண்டு. எனக்கும் அப்பிடித்தான் இருந்தது. அண்ணா நிலாவெளியில போட் ஓடுறார், புறாத்தீவுக்கும் திமிங்கிலம் பாக்கவும் ஆக்களைக் கூட்டிக்கொண்டு போறவர், அந்தப் பேஜை நான்தான் பாக்கிறன். ஒருக்கா எங்கட வியூஸ் அப்பிடியே படுத்திட்டுது, போன் அடிக்கிறதும் நிண்டுட்டுது, அண்ணா ஒண்டும் கேக்கேல்ல ஆனா முகத்தைப் பாத்தா தெரிஞ்சது. அப்ப ஒவ்வொண்டா தேடிப் பாத்துத் திருத்தினதைத்தான் இதில எழுதுறன், இன்ஸ்டாவை வச்சுத்தான் கூட சொல்லுவன்.

முதல் விசயம், அது உண்மையாவே விழுந்திருக்கோ எண்டு பாருங்கோ. எங்கட பக்கம் சீசன் எண்டது பெரிய விசயம். திமிங்கிலம் மே மாசத்தில இருந்து ஒக்டோபர் மட்டும்தான், பிறகு வாடைக்காத்தும் மழையும் வந்தா கடலும் கொந்தளிப்பு, வெளிநாட்டு ஆக்களும் தெற்குக் கரைக்குப் போயிடுவினம். நவம்பரில புறாத்தீவு ரீலை எத்தினை பேர் தேடப்போகினம்? அதால போன மாசத்தோட ஒப்பிடாதேங்கோ, போன வருசம் இதே மாசத்தோட ஒப்பிடுங்கோ. தீபாவளிக்குச் சாறி விக்கிறவைக்கும் இதே கணக்குத்தான்.

அதுக்குப் பிறகு இன்சைட்ஸைத் திறவுங்கோ, ஆர் எவ்வளவு பாத்தவை எண்ட கணக்கு அதிலதான் இருக்கு. புரொபெஷனல் அக்கவுண்ட் இல்லாட்டி மாத்துங்கோ, காசு ஒண்டும் இல்லை. அதில வியூஸ் வந்தது பொலோவர்ஸிட்ட இருந்து எத்தினை வீதம், தெரியாத ஆக்களிட்ட இருந்து எத்தினை வீதம் எண்டு பிரிச்சுக் காட்டும். பொலோவர்ஸும் பாக்கேல்லை எண்டா அனேகமா உங்கட வீடியோ அவைக்கு அலுத்திட்டுது. பொலோவர்ஸ் வழமை போல பாக்கினம், ஆனா தெரியாத ஆக்களின்ர வீதம் மட்டும் சட்டெண்டு ஒண்டுமில்லாமப் போயிருக்கெண்டாத்தான் ரெக்கமெண்டேஷன்ல, அதாவது அப் தானா உங்கட வீடியோவைத் தெரியாத ஆக்களுக்குக் காட்டுறதில, கை வச்சிருக்கு எண்டு சந்தேகப்படோணும்.

அந்தச் சந்தேகத்தைத் தீக்கிற இடம் அக்கவுண்ட் ஸ்டேட்டஸ். செட்டிங்ஸ்ல மேல இருக்கிற சேர்ச்சில அந்தப் பேரை அடிச்சா வரும். எந்தப் போஸ்டைத் தூக்கினவங்கள், எது பொலோவர்ஸ் இல்லாத ஆக்களுக்குக் காட்டத் தகுதியில்லை எண்டு அதில கிடக்கும். தகுதியில்லை எண்டு ஒரு போஸ்ட் நிண்டா மூண்டு வழி இருக்கு, திருத்தலாம், அழிக்கலாம், பிழையில்லை எண்டு நினைச்சா திரும்பப் பாக்கச் சொல்லிக் கேக்கலாம். பேஸ்புக் பேஜுக்கு புரொபெஷனல் டாஷ்போர்டில பாருங்கோ. டிக்டொக்கில ஒரு வீடியோ ஃபோர் யூவுக்கு, அதாவது தெரியாத ஆக்களுக்கும் வீடியோ காட்டுற பக்கத்துக்கு, போகாதெண்டா அந்த வீடியோவுக்கே அறிவிப்பு வரும், அதிலயே அப்பீல் போடலாம். ஷடோபேன் செக் பண்ணித் தாறம் எண்டு பாஸ்வேர்ட் கேக்கிற சைட்டுகளுக்குத் தயவு செய்து போகாதேங்கோ, ரீச் தேடிப்போய் அக்கவுண்டையே குடுத்திட்டு நிக்க வேண்டி வரும்.

இப்ப காரணங்கள். எங்கட பிழை வோட்டர்மார்க், வீடியோவுக்கு மேல விழுற அப்பின்ர லோகோ. டிக்டொக்கில போட்டதை டவுன்லோட் பண்ணி அந்த லோகோவோடயே இன்ஸ்டாவில ஏத்திக்கொண்டிருந்தன், நேரம் மிச்சம் எண்டு நினைச்சு. வேற அப்பின்ர லோகோ தெரியிற வீடியோவைத் தெரியாத ஆக்களுக்குக் காட்டுறதைக் குறைப்பம் எண்டு இன்ஸ்டா 2021லயே சொல்லிட்டுது. இப்ப ஒரிஜினல் கிளிப்பை போனில வச்சு ரெண்டுக்கும் வேற வேறயா ஏத்திறன், அவ்வளவுதான்.

அடுத்தது மற்றவையின்ர வீடியோ. கோணேசர் கோயில் ட்ரோன் ஷொட், இராவணன் வெட்டு, கோட்டைக்குள்ள நிக்கிற மான், ஆரோ எடுத்ததை எடுத்துப் போட்டே ஓடுற பேஜுகள் எங்கட ஊரில நிறைய. 2024 ஏப்ரல்ல இன்ஸ்டா சொன்னது, 30 நாளுக்குள்ள 10 தரமோ கூடவோ இப்பிடி மற்றவையின்ரதைப் போட்டா அந்த அக்கவுண்டை ரெக்கமெண்ட் பண்ணாது எண்டு. கோயிலடிக்கு நடந்து போனா நீங்களே எடுக்கலாமே, கை ஆடினாலும் பரவாயில்லை, அது உங்கட.

மருந்தெண்ணெய், மூலிகைப் பொடி விக்கிற ஆக்களுக்கு ஒண்டு சொல்லோணும், ஏனெண்டா அவை பாவம், ஏன் எண்டே தெரியாமல் நிக்கினம். பத்து நாளில சீனி வருத்தம் சுகம், மூட்டு நோ பறக்கும் எண்டு எழுதினா அது அதிசய மருந்து எண்ட கணக்கில போயிடும், அதை ரெக்கமெண்ட் பண்ணமாட்டினம். எண்ணெய் எப்பிடிக் காய்ச்சிறியள், என்ன இலை போடுறியள் எண்டு காட்டுங்கோ, சுகமாக்கும் எண்ட பேச்சே வேண்டாம். சனத்துக்கும் அதுதான் நல்லது. பேஸ்புக்கில "மூண்டு பேரை டேக் பண்ணுங்கோ, ஆமெண்டா லைக் போடுங்கோ" எண்டு கேக்கிறதும் 2017 டிசம்பரில இருந்து கீழ தள்ளுற விசயம்.

எங்கட வேலைக்காரருக்குத் தனியா ஒண்டு, ஆமையைத் தண்ணியில இருந்து தூக்கிப் பிடிச்சு எடுக்கிற வீடியோ, பவளப்பாறைக்கு மேல ஏறி நிக்கிற படம், இதுகளை எடுக்கவே வேண்டாம். புறாத்தீவு 2003ல இருந்து தேசிய பூங்கா, பாறை செத்துப் போச்செண்டா எங்களுக்குத் தொழிலும் இல்லை.

பொலோவர்ஸ் கூட்டித் தாற அப் ஏதும் இணைச்சிருந்தா செட்டிங்ஸ்ல அப்ஸ் அண்ட் வெப்சைட்ஸ் எண்ட இடத்தில கழட்டிப் போட்டு பாஸ்வேர்டையும் மாத்துங்கோ. காசுக்கு வந்த பொலோவர்ஸ் ஒரு வீடியோவும் பாக்கமாட்டினம்.

எல்லாம் திருத்தினாப் பிறகு என்ன போடுறது? இன்ஸ்டாவின்ர தலைவர் ஆடம் மொசேரி 2025 ஜனவரியில மூண்டைச் சொன்னவர், எவ்வளவு நேரம் பாக்கினம், லைக், மற்றவைக்கு அனுப்பிறது. தெரியாத ஆக்களிட்ட போறதுக்கு அனுப்பிறதுதான் கூட உதவுமாம். அதைக் கேட்டாப் பிறகு நான் வடிவான கடலைப் போடுறதைக் குறைச்சிட்டு, போட் எத்தினை மணிக்கு வெளிக்கிடும், சின்னப் பிள்ளையளைக் கூட்டி வரலாமோ, வாந்தி வராம இருக்க என்ன செய்யோணும் எண்டு போடத் தொடங்கினன், அதைத்தான் குடும்பத்துக்குள்ள ஆளுக்காள் அனுப்பிச்சினம். ட்ரையல் ரீல் உங்களுக்கு வந்திருந்தா பாவியுங்கோ, முதல்ல பொலோவர்ஸுக்குக் காட்டாம தெரியாத ஆக்களுக்கு மட்டும் போகும், நல்லாப் போனா 72 மணித்தியாலத்துக்குள்ள தானாவே எல்லாருக்கும் போடச் சொல்லி வைக்கலாம். எடுத்த உடன ஏறாது, நடுவில பயந்து எல்லாத்தையும் அழிச்சுப்போட்டுப் புது அக்கவுண்ட் திறக்காதேங்கோ.

அந்த இடைவெளியில யாவாரம் நிக்காம இருக்க, வாற ஒவ்வொருத்தரிட்டயும் கேட்டு வட்ஸ்அப் நம்பரை எடுங்கோ. ஒரே மெசேஜை ஆளாளுக்குத் தனித்தனியா அனுப்பிற ப்ரோட்காஸ்ட் லிஸ்ட் ஒண்டில 256 பேரைப் போடலாம், ஆனா உங்கட நம்பரை அவை சேவ் பண்ணியிருந்தாத்தான் மெசேஜ் போகும். அதால இப்ப அண்ணா கரையில ஆக்களை இறக்கேக்க, லைஃப் ஜாக்கெட்டைக் கழட்டி வாங்கிக்கொண்டே, "தம்பி, நம்பரை இப்பவே சேவ் பண்ணுங்கோ, திமிங்கிலம் வாற நாள் சொல்லி விடுறன்" எண்டு சொல்றார்.