வலிக்கு 10 எம்ஜி அமிட்ரிப்டிலின் எழுதிக் குடுத்திருக்காங்களா? சாப்பிடுறதுக்கு முன்னாடி இதப் படிங்க

சுகர்ல வர்ற கால் எரிச்சல், அடிக்கடி வர்ற மைக்ரேன், இதுக்கெல்லாம் டாக்டர் அமிட்ரிப்டிலின் எழுதுவாங்க, நாம வீட்டுக்கு வந்து கூகுள்ல தேடிட்டு ஐயோ இது டிப்ரஷன் மாத்திரையாச்சேன்னு பயந்து அப்படியே வெச்சிடுவோம். பயப்படாதீங்க. டிப்ரஷனுக்கு குடுக்கிற டோஸ் இதவிட ரொம்ப அதிகம், வலிக்கு 10 எம்ஜில ஆரம்பிப்பாங்க, நரம்பு வழியா போற வலி சிக்னல அடக்கத்தான் இங்க இது.

ஆனா டோஸ் கம்மிதானேன்னு அசால்ட்டாவும் இருக்கக்கூடாது. கண்ணுல க்ளாக்கோமா (கண் அழுத்த நோய்), ப்ராஸ்டேட் வீக்கத்தால யூரின் போக கஷ்டம், ஹார்ட் பிரச்சனை, வலிப்பு, பைபோலார் (மனநிலை ரொம்ப ஏறி இறங்குற நோய்), இதுல எது இருந்தாலும், கர்ப்பமா இருந்தாலும் டாக்டர் கேக்கலன்னாகூட நீங்களே சொல்லிடுங்க. தேவைப்பட்டா ஈசிஜி எடுத்துப் பாப்பாங்க.

ரொம்ப முக்கியம், ஏற்கனவே சாப்பிடுற எல்லா மாத்திரையோட அட்டையையும் கையோட எடுத்துட்டுப் போங்க. ட்ரமடால்ங்கிற வலி மாத்திரை, ஃப்ளூக்ஸெட்டின்ங்கிற டிப்ரஷன் மாத்திரை மாதிரி மருந்துங்க இதோட சேந்தா சிக்கல் வரலாம். நம்ம ஊர்ல ப்ரீகாபலின்ங்கிற நரம்பு வலி மருந்தோட நார்ட்ரிப்டிலின் சேத்து ஒரே மாத்திரையா வருது, அந்த நார்ட்ரிப்டிலினும் அமிட்ரிப்டிலின் குடும்பம்தான், எலும்பு டாக்டர் ஒண்ணு சுகர் டாக்டர் ஒண்ணுன்னு எழுதி ரெண்டும் ஒண்ணா உள்ள போயிடும், யாருக்கும் தெரியாது. சளிக்கு மெடிக்கல்ல கேட்டு வாங்குற தூக்கம் வர்ற மாத்திரையும் வேணாம், தண்ணியடிக்கவே வேணாம்.

ராத்திரி படுக்கிறதுக்கு ஒண்ணு ரெண்டு மணி நேரம் முன்னாடி போட்டா காலைல மந்தமா இருக்கிறது குறையும். ஆரம்பத்துல உடம்புக்கு எப்படி இருக்குன்னு தெரியுற வரைக்கும் பைக் எடுக்காதீங்க. வயசானவங்க நைட்டு பாத்ரூம் போக சட்டுனு எந்திரிச்சா தலைசுத்தி விழுந்துடுவாங்க, கொஞ்ச நேரம் உக்காந்துட்டு எந்திரிக்கணும், பக்கத்துல ஒரு லைட் எரியட்டும். வாய் காயும், மலச்சிக்கல் வரும், தண்ணி, கீரை, பழம்னு பாத்துக்கலாம். யூரின் வராம அடைச்சிக்கிச்சு, கண்ணு வலிச்சு பார்வை மங்குது, நெஞ்சு தாறுமாறா அடிக்குது, மயக்கம் வருதுன்னா அன்னைக்கே ஆஸ்பத்திரி போயிடணும்.

வலி குறைய சில வாரம் ஆகும், நாலு நாள்ல ஒண்ணும் தெரியலயேன்னு நீங்களா ரெண்டு மாத்திரை போடாதீங்க. ஒரு நாள் மறந்துட்டா விட்டுடுங்க, மறுநாள் சேத்துப் போட வேணாம். நல்லாயிடுச்சுன்னு திடீர்னு நிறுத்தவும் வேணாம், டாக்டர்ட்ட கேட்டு கொஞ்சம் கொஞ்சமா குறைக்கணும். மனசு திடீர்னு ரொம்ப மோசமாகி சாகணும்னு தோணுச்சுன்னா, முக்கியமா சின்ன வயசுக்காரங்க, உடனே வீட்ல சொல்லுங்க, டாக்டர்ட்ட சொல்லுங்க, 14416ங்கிற அரசாங்க மனநல ஹெல்ப்லைனுக்கு எந்நேரமும் கூப்பிடலாம்.

அப்புறம் இந்த மாத்திரைய டிவி மேல, தலகாணி அடியிலன்னு வைக்காதீங்க, பூட்டி வைங்க. பெரியவங்களுக்கு சின்ன டோஸ்தான், ஆனா குழந்தைங்க எடுத்து முழுங்கிட்டா ஹார்ட்டயே பாதிக்கும், வலிப்பு வரும், உயிருக்கே ஆபத்து. ஒண்ணு முழுங்கியிருக்குமோன்னு சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்க வெக்காதீங்க, உடனே அட்டையையும் எடுத்துக்கிட்டு 108 கூப்பிட்டு ஓடுங்க, குழந்தை நல்லாத்தானே விளையாடுதுன்னு காத்திருக்காதீங்க.