கோட் ரன்னரில் தமிழ் அச்சாக மறுத்தால்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் சாட்ஸ்வொர்த்தில் சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குப் பைத்தான் நிரல்மொழி சொல்லிக்கொடுக்கிறேன். பெயரைக் கேட்டுத் தமிழில் வணக்கம் சொல்லும் குட்டி நிரல். நிரல் எழுதும் செயலியான விஎஸ் கோடில், நிரலை ஓட்டிக்காட்டும் கோட் ரன்னர் நீட்சி (கூடுதல் இணைப்பு) வழியே ஓட்டினால் இரண்டு வம்பு: பெயரைத் தட்டச்சு செய்யவே முடியாது, தமிழ் வரவேண்டிய இடத்தில் ‘யூனிகோட் என்கோட் எரர்’ என்ற பிழைச்செய்தி வந்து நிற்கும்.

இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். கோட் ரன்னர் விடையைக் காட்டும் ‘அவுட்புட்’ பலகம் படிக்க மட்டுமே; அதில் எதையும் உள்ளிட முடியாது. அங்கே எழுதும்போது பைத்தான் விண்டோஸின் உள்ளூர்க் குறியாக்கத்தை (எழுத்துகளை எண்களாக்கும் முறையை) எடுத்துக்கொள்கிறது. எங்கள் கணினிகளில் அது சிபி1252. அதில் தமிழுக்கு இடமே கிடையாது. டெர்மினலில், அதாவது தட்டச்சு செய்யவும் முடிகிற கட்டளைப் பலகத்தில், அந்தத் தொல்லை இல்லை, பைத்தான் 3.6 முதலே.

அமைப்புகளில் கோட் ரன்னரின் ‘ரன் இன் டெர்மினல்’ கட்டத்தை டிக் செய்தேன். இரண்டும் சரியாயின. அப்படியே ‘சேவ் ஃபைல் பிஃபோர் ரன்’ என்பதையும் டிக் செய்துவிடுங்கள். இல்லையென்றால் சேமிக்காத திருத்தம் ஓடாது, பிள்ளைகள் குழம்புவார்கள்.

மைக்ரோசாஃப்டின் பைத்தான் நீட்சி முதலிலிருந்தே டெர்மினலில்தான் ஓட்டும், தேர்ந்தெடுத்த மெய்நிகர் சூழலையும் (ஒரு வேலைக்கென்று தனியாக வைக்கும் பைத்தான் அமைப்பு) மதிக்கும். பைத்தான் மட்டும் என்றால் அதுவே போதும். சி, ஜாவாஸ்கிரிப்ட் என்று மாறி மாறி ஓட்டுபவர்களுக்குக் கோட் ரன்னர் வசதி.

அவுட்புட் பலகம்தான் வேண்டுமா? பைத்தான் 3.7 அல்லது அதற்குப் பிந்தையது என்றால், ‘பைத்தான்யுடிஎஃப்8’ (PYTHONUTF8) என்ற விண்டோஸ் சூழல் மாறிக்கு (நிரல்கள் படித்துக்கொள்ளும் அமைப்பு) 1 கொடுத்து, விஎஸ் கோடை மூடித் திறங்கள். தமிழ் தெரியும், உள்ளீடு மட்டும் அப்போதும் கிடையாது.