கம்பெனி அலட்சியத்துக்கு மேல உக்காந்திருக்கறவங்கள பதில் சொல்ல வைக்கறது எப்படி

ஒரு பொருளாலயோ ஃபேக்டரியாலயோ ஜனங்க உயிருக்கே ஆபத்துன்னு தெரிஞ்சும் கம்பெனி கண்டுக்காம இருந்தா, நம்மல்ல நிறைய பேர் முதல்ல பண்றது கஸ்டமர் கேருக்கு போன் போட்டு கத்தறதுதான். கோவம் நியாயமானதுதான், ஆனா போன்ல பேசினது காத்தோட போயிரும். நாளைக்கு கேஸுன்னு வந்தா டைரக்டருங்க சொல்ற பதில் "என் கவனத்துக்கே வரலையே". அந்த பதில அவங்க சொல்ல முடியாம பண்ணணும். யாருக்கு தெரியும், என்ன தெரியும், எந்த தேதியில இருந்து தெரியும், இந்த மூணும் பேப்பர்ல இருந்தே ஆகணும்.

முதல்ல அந்த பொருள பத்திரப்படுத்துங்க. "குடுங்க, புதுசா மாத்தி தர்றோம்"னு தன்மையா கேப்பாங்க, குடுத்துட்டா ஆதாரம் போச்சு. ஜெனரல் மோட்டார்ஸ் விஷயத்த எடுத்துக்கோங்க. வண்டி ஓடிட்டு இருக்கும்போதே இக்னிஷன் ஸ்விட்ச் நழுவி இன்ஜின் ஆஃப் ஆயிரும், ஏர்பேக்கும் வேலை செய்யாது. 2010ல அப்படி ஒரு கார்ல பொண்ண பறிகொடுத்த குடும்பம் கேஸ் போட்டாங்க, அவங்க வக்கீல் வச்ச இன்ஜினியர் அந்த கார்ல இருந்த பழைய ஸ்விட்சையும் புதுசா வாங்கின ஸ்விட்சையும் பிரிச்சு பக்கத்துல பக்கத்துல வச்சு பாத்திருக்கார். ரெண்டுக்கும் ஒரே பார்ட் நம்பர், ஆனா புதுசுல உள்ள இருக்கற குட்டி பிளஞ்சர், அதாவது ஸ்விட்ச் நழுவாம பிடிச்சு வைக்கற ஊசி மாதிரி பார்ட், கொஞ்சம் நீளமா இருந்துச்சு. அதாவது கம்பெனிக்குள்ள யாரோ தப்ப கண்டுபிடிச்சு, சத்தமில்லாம சரி பண்ணிட்டு, நம்பர மட்டும் மாத்தாம விட்டிருக்காங்க. பழைய ஸ்விட்ச் கையில இல்லன்னா இது வெளிய வந்திருக்குமா? கடைசில நஷ்டஈடு ஃபண்டே 124 சாவுன்னு ஒத்துக்கிச்சு, 2015ல கம்பெனி 90 கோடி டாலர் கட்டுச்சு, ஆனா ஒரு எக்ஸிக்யூட்டிவ் மேல கூட கிரிமினல் கேஸ் வரல. எனக்கு இன்னும் ஆறாத விஷயம் இது.

அதனால பில், பேக்கிங், பேட்ச் நம்பர், போட்டோ எல்லாத்தையும் எடுத்து வைங்க, பொருள் யார் கையில எப்ப இருந்துச்சுன்னு குறிச்சுக்கோங்க, நீங்களா பிரிச்சு பாக்காதீங்க, அத டெஸ்ட் பண்ண தெரிஞ்சவங்க வீடியோ எடுத்துட்டே பண்ணட்டும்.

அடுத்தது லெட்டர். பொதுவா "நிர்வாகம்"னு போடாம எம்.டி, சேஃப்டி ஹெட், போர்டு தலைவர்னு ஆள் பேரு போட்டு அனுப்புங்க, அத கண்காணிக்கற அரசு அமைப்புக்கும் ஒரு காப்பி. என்ன நடந்துச்சு, இன்னும் யாருக்கு என்ன ஆகலாம், எந்த தேதிக்குள்ள நிறுத்தணும், அவ்வளவுதான், திட்டெல்லாம் வேணாம். கிடைச்சதுக்கு கையெழுத்து வர்ற மாதிரி தபால்ல போடுங்க, ஈமெயிலும் பண்ணுங்க. ஒரு லெட்டர் என்ன பண்ணும்னு கேட்டா, அமெரிக்கால ஏக்மி மார்க்கெட்ஸ்னு பெரிய மளிகை செயின், அதோட குடோன்ல எலி, தலைவருக்கு 1970லயே அதிகாரிங்க லெட்டர் போட்டாச்சு, 1972ல இன்னொரு குடோனுக்கும் அதே கதை. கீழ இருக்கறவங்கள நம்பி விட்டேன்னு அவர் சொன்னத 1975ல சுப்ரீம் கோர்ட் ஏத்துக்கல. தடுக்கற அதிகாரம் உன் கையில இருந்துச்சு, தடுக்கல, நீதான் பொறுப்புன்னு தீர்ப்பு. ஃபைன் என்னவோ 250 டாலர்தான், ஆனா உணவு, மருந்து கேஸ்ல அந்த தீர்ப்பு இன்னைக்கும் நிக்குது.

அரசு அமைப்புகிட்ட புகார் நம்பர் வாங்காம வராதீங்க. தகவல் கேக்கற சட்டம் இருக்கற நாடுன்னா பழைய இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட்டையும் இதே மாதிரி வந்த மத்த புகாரையும் கேளுங்க. தனி ஆளா போனா "எங்கயோ ஒண்ணு ரெண்டு"ம்பாங்க, பாதிக்கப்பட்ட பத்து பேரு தேதியோட சேந்து போனா அப்படி சொல்ல முடியாது.

ஒரு விஷயத்துல ரொம்ப உஷாரா இருக்கணும், பழிய கீழ தள்ளி விட்டுருவாங்க. போயிங் 737 மேக்ஸ்ல 2018லயும் 2019லயும் ரெண்டு விமானம் விழுந்து 346 பேர் செத்தாங்க, கிரிமினல் விசாரணைக்கு கோர்ட்ல நின்னது ஒரே ஒரு டெக்னிக்கல் பைலட், அவரையும் 2022ல ஜூரி விடுவிச்சுட்டாங்க. அதனால வக்கீல்கிட்ட சொல்லி போர்டு மீட்டிங் மினிட்ஸ் (மீட்டிங்ல யார் என்ன பேசினாங்கன்ற குறிப்பு), சேஃப்டி செலவ வெட்டினது யாரு, தள்ளிப்போட சொல்லி கையெழுத்து போட்டது யாரு, இதெல்லாம் கோர்ட் மூலமா கேட்டு வாங்குங்க. நீங்க அந்த கம்பெனிக்குள்ளயே வேலை பாக்கறவங்கன்னா ஆபீஸ் மெயில்ல இருந்து எதையும் அனுப்பாதீங்க, முதல்ல உங்களுக்குன்னு ஒரு வக்கீல பாருங்க, உண்மைய வெளிய சொல்றவங்களுக்கு என்ன பாதுகாப்பு இருக்குங்கறது நாட்டுக்கு நாடு மாறும்.

பணம் குடுத்து முடிச்சுக்கலாம்னு வந்தா வாங்கறது தப்பே இல்ல, வைத்திய செலவு யாருக்கும் காத்திருக்காது. ஆனா பேப்பர முழுசா படிங்க. போபால் விஷவாயு கேஸ்ல 1989ல 47 கோடி டாலருக்கு செட்டில்மென்ட் போட்டப்ப கிரிமினல் கேஸையும் சேத்தே மூடிட்டாங்க, பாதிக்கப்பட்டவங்க விடாம போராடினதாலதான் 1991ல சுப்ரீம் கோர்ட் அத திரும்ப உயிர்ப்பிச்சுச்சு. 2010ல ஏழு பேருக்கு ரெண்டு வருஷம் தண்டனை, யூனியன் கார்பைடு தலைவரா இருந்த வாரன் ஆண்டர்சன் விசாரணைக்கே வராம 2014ல செத்துட்டார். அதனால உங்க பேப்பர்ல "வெளிய பேசக்கூடாது", "புகார வாபஸ் வாங்கணும்"னு வரி இருந்தா, அத அடிச்சாதான் கையெழுத்துன்னு சொல்லுங்க. கேஸ் போட காலக்கெடு எப்ப முடியுதுன்னும் முதல் நாளே வக்கீல்கிட்ட கேட்டு எழுதி வச்சுக்கோங்க, பேச்சுவார்த்தைன்னு இழுத்து அந்த தேதிய தாண்ட வைக்கறது அவங்களுக்கு கை வந்த கலை.