டெபியன்ல வெளி ரெப்போ சேர்க்கிறது எப்படி: சாவியை எங்க வைக்கணும், யாருக்கு எவ்வளவு இடம் கொடுக்கணும்

வலங்கைமான்ல எங்க சித்தப்பா விதைக்கடை வச்சிருக்காங்க, அந்தக் கடை கம்ப்யூட்டர்ல டெபியன் 12-ங்கற லினக்ஸ் ஓடுது. அதோட வர்ற ஃபயர்பாக்ஸ் இஎஸ்ஆர் பதிப்பு, புது வசதியெல்லாம் அதுல லேட்டாதான் வரும். தங்கச்சிக்கு புது ஃபயர்பாக்ஸ்தான் வேணும்னு சொன்னா. ஃபயர்பாக்ஸைச் செய்ற மொஸில்லாவே 2024 ஜனவரியிலேர்ந்து டெப் ரெப்போ (டெபியனுக்கான டெப் பேக்கேஜ்களை அடுக்கி வச்சிருக்கிற சர்வர்) கொடுக்கிறாங்க, பத்து நிமிஷ வேலைன்னு உட்கார்ந்தேன், ஒரு மதியம் முழுக்க போயிடுச்சு. அதே இடத்துல நீங்களும் மாட்டக்கூடாதுன்னுதான் இதை எழுதுறேன். கமாண்டெல்லாம் வாயால சொல்ற மாதிரி தமிழ்லயே எழுதியிருக்கேன், டெர்மினல்ல இங்கிலீஷ்ல அடிச்சுக்குங்க.

முதல்ல ஒண்ணு, வெளியில போறதுக்கு முன்னாடி ஆப்ட் சர்ச் போட்டுப் பாருங்க (டெபியன்ல சாஃப்ட்வேரைத் தேடி இறக்கிப் போடுற கமாண்ட்தான் ஆப்ட்). தமிழ் டைப்பிங்குக்கு ஏதோ ஒரு சைட்லேர்ந்து டெப் ஃபைல் இறக்கிப் போடுறவங்களை நிறைய பார்த்துட்டேன். தேவையே இல்ல, ஐபஸ் எம்17என்ங்கற டைப்பிங் பேக்கேஜ் டெபியன்லயே இருக்கு, தமிழ்99 கீபோர்டு அதுலயே வரும்.

டெப் ஃபைலை டபுள் கிளிக் பண்றதுல என்ன ஆபத்துன்னு கேட்டா, அதுக்குள்ள போஸ்ட்இன்ஸ்ட்னு ஒரு ஸ்க்ரிப்ட் இருக்கும், இன்ஸ்டால் ஆகிறப்போ அது ரூட், அதாவது எதையும் மாத்தக்கூடிய அட்மின் அதிகாரத்துல ஓடும். ஒரு பில்லிங் சாஃப்ட்வேர் கம்பெனி கொடுத்த டெப்பை டிபிகேஜி-டெப் மைனஸ் இ போட்டு பிரிச்சுப் பார்த்தேன், கேட்காமலேயே தன்னோட ரெப்போவை சோர்ஸ் லிஸ்ட்ல எழுதி, தன் சாவியை ட்ரஸ்டட் டாட் ஜிபிஜி டாட் டி ஃபோல்டர்ல போடுற வரி இருந்துச்சு. சாவிங்கறது, ரெப்போக்காரங்க போட்ட டிஜிட்டல் கையெழுத்து அவங்களோடதுதானான்னு ஆப்ட் சரிபார்க்கிற ஃபைல். அந்த ஃபோல்டர்ல விழுந்த சாவியை, தனி சாவி குறிச்சு வைக்காத எல்லா ரெப்போவுக்கும் ஆப்ட் ஏத்துக்கும். பில்லிங் சாஃப்ட்வேருக்கு கொடுத்த சாவி டெபியனோட சொந்த பேக்கேஜ் கையெழுத்துக்கும் செல்லும்னா, அது எவ்வளவு பெரிய விஷயம்னு யோசிங்க. பழைய ஆப்ட்-கீ ஆட் கமாண்டும் இதே தப்பைத்தான் பண்ணுச்சு, டெபியன் 13-ல அதை எடுத்தே விட்டுட்டாங்க. இன்னமும் ஆப்ட்-கீ போடுங்கன்னு சொல்ற கைடைப் பார்த்தா மூடிடுங்க.

சரி, வேலைக்கு வருவோம். சாவியை ஈடிசி, ஆப்ட், கீரிங்ஸ் ஃபோல்டருக்குள்ள இறக்கணும். நான் மாட்டினது இங்கதான். மொஸில்லா சைட்ல சாவி ஃபைலோட பேரு ஜிபிஜின்னு முடியும், நானும் அப்படியே சேவ் பண்ணேன். அப்டேட் போட்டா கீரிங்கை ஒதுக்கிட்டேன், ஃபைல் டைப் சரியில்லன்னு ஒரு வார்னிங், கீழயே நோ பப்கீன்னு எர்ரர். சாவி கண்ணு முன்னாடி இருக்கு, ஆப்ட் இல்லங்குது. மூணு தடவை அழிச்சு அழிச்சு இறக்குனேன். கடைசியில கேட் போட்டு ஃபைலை திறந்து பார்த்தா, பிகின் பிஜிபி பப்ளிக் கீ ப்ளாக்னு படிக்கிற எழுத்தா இருக்கு. ஆப்ட்டுக்கு கணக்கு இதுதான்: எழுத்தா படிக்க முடிஞ்சா ஃபைல் பேரு ஏஎஸ்சின்னு முடியணும், பைனரியா இருந்தா ஜிபிஜின்னு முடியணும். பேரை மட்டும் ஏஎஸ்சின்னு மாத்தினேன், அடுத்த நொடி சரியாயிடுச்சு.

அடுத்தது ஃபிங்கர்பிரின்ட், இதைத் தாண்டிப் போகாதீங்க. ஜிபிஜி ஷோ-கீஸ் வித்-ஃபிங்கர்பிரின்ட் போட்டா 40 எழுத்து, நாலு நாலா பத்து கூட்டமா காட்டும். சித்தப்பா ஃபோன்ல மொஸில்லா பக்கத்தை திறந்து கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ஒவ்வொரு கூட்டமா படிச்சாங்க, நான் ஸ்க்ரீன்ல விரல் வச்சு நகர்த்திக்கிட்டே வந்தேன். எதுக்குன்னு அவங்களுக்கு சொல்லவே வேண்டியதில்ல, குறுவைக்கு லோடு இறங்கும்போது ஒவ்வொரு மூட்டையிலயும் நீல டேக்கைப் புரட்டி நம்பரையும் தேதியையும் பார்த்துட்டுத்தான் உள்ள அடுக்க விடுவாங்க. சான்று விதைக்கு நீலம், ஆதார விதைக்கு வெள்ளை. டேக்குக்கு காலாவதி தேதி இருக்கிற மாதிரி சாவிக்கும் உண்டு, என்னைக்காவது ஈஎக்ஸ்பி-கீ-சிக்னு எர்ரர் வந்தா சாவி காலாவதி ஆயிடுச்சு, புதுசு இறக்கி மறுபடி 40 எழுத்தையும் பாருங்க.

இப்ப சோர்ஸ் ஃபைல். ஒரே வரியில எழுதுற பழைய முறையும் ஓடும், ஆனா எனக்கு டாட் சோர்சஸ் ஃபைல்தான் பிடிக்கும், ஒவ்வொரு விவரமும் தனித்தனி வரியில இருக்கிறதால ஆறு மாசம் கழிச்சுப் பார்த்தாலும் புரியும். டைப்ஸ்ல டெப், யூஆர்ஐஸ்ல ரெப்போ முகவரி, சூட்ஸ்ல மொஸில்லா, காம்பொனென்ட்ஸ்ல மெயின், கடைசியா சைன்ட்-பை, அதுல சாவியோட முழு பாதை. இந்த சைன்ட்-பை வரிதான் உயிர், இந்த சாவி இந்த ரெப்போவுக்கு மட்டும்தான்னு கட்டிப் போடுறது இதுதான்.

ஆனா அதோட விட்டா பாதிதான். அந்த ரெப்போ நாளைக்கு வேற ஏதாவது பேக்கேஜை, டெபியன்ல இருக்கிறதைவிட பெரிய வெர்ஷன் நம்பரோட வச்சா ஆப்ட் அதைத்தான் எடுத்துக்கும். அதனால எந்த ரெப்போவுக்கு எவ்வளவு முன்னுரிமைன்னு சொல்ற ப்ரிஃபரன்சஸ் டாட் டி ஃபோல்டர்ல ஒரு ஃபைல். முதல் பத்தியில பேக்கேஜ் நட்சத்திரம் (எல்லா பேக்கேஜும்னு அர்த்தம்), பின் ஆரிஜின்ல அந்த ரெப்போவோட ஹோஸ்ட் பேரு, ப்ரையாரிட்டி மைனஸ் 1, அதாவது அங்கிருந்து எதுவுமே வேண்டாம். ஒரு காலி வரி விட்டு ரெண்டாவது பத்தியில ஃபயர்பாக்ஸ் நட்சத்திரம், அதே ஆரிஜின், ப்ரையாரிட்டி 500, அதாவது வழக்கமான அளவு. இதைப் பெரும்பாலான கைடுல சொல்றதே இல்ல. அப்புறம் ஆப்ட் அப்டேட், ஆப்ட் பாலிசி ஃபயர்பாக்ஸ் போட்டு 500 வருதான்னு பார்த்துட்டு இன்ஸ்டால் பண்ணுங்க. தமிழ் மெனு வேணும்னா ஃபயர்பாக்ஸ்-எல்10என்-டிஏ.

கையெழுத்து சரியா இருந்தா பேக்கேஜ் நல்லதுன்னு அர்த்தம் இல்லைங்கறதையும் சொல்லிடுறேன். 2024 மார்ச்ல ஃபைலைச் சுருக்குற எக்ஸ்இசட் சாஃப்ட்வேரோட 5.6.0, 5.6.1 ரெண்டு வெர்ஷன்லயும் கள்ளக்கதவு இருந்தது தெரிஞ்சது, கையெழுத்தெல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. எஸ்எஸ்எச் (தூரத்துலேர்ந்து கம்ப்யூட்டருக்குள்ள நுழையுற வழி) லாகின் அரை நொடி தாமதமாகுதேன்னு ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட்ங்கற இன்ஜினியர் நோண்டிப் பார்த்ததுலதான் பிடிபட்டுச்சு. இன்னும் சோதனையில இருக்கிற டெபியன் டெஸ்டிங் வரைக்கும் வந்துருந்துச்சு, சோதிச்சு முடிச்சு வெளியிடுற ஸ்டேபிளுக்கு வரல. கடை கம்ப்யூட்டருக்கு நான் ஸ்டேபிளைத் தவிர எதுவும் போடாததுக்கு இதான் காரணம்.

அப்டேட்: மன்னார்குடியிலேர்ந்து ஒருத்தர் கமெண்ட்ல, எல்லாம் சொன்ன மாதிரியே பண்ணேன், ஏஎஸ்சின்னுதான் வச்சிருக்கேன், ஆனாலும் நோ பப்கீ வருதுன்னாரு. எல்எஸ் மைனஸ் எல் போடச் சொன்னேன், சாவி ஃபைல் பர்மிஷன் 600, அதாவது ஃபைலோட சொந்தக்காரரான ரூட் மட்டும்தான் படிக்கலாம். ஆப்ட் கையெழுத்து பார்க்கிறப்போ ரூட்டா இருக்காது, அண்டர்ஸ்கோர் ஆப்ட்னு தனி யூசரா இறங்கிடும், அந்த யூசரால ஃபைலைப் படிக்க முடியல. எல்லாரும் படிக்கிற மாதிரி சீஎச்மாட் 644 போட்டதும் ஓடிடுச்சு.

அப்டேட் 2: உபுண்டு பிபிஏவை (உபுண்டு லினக்ஸுக்குன்னு தனி ஆட்கள் வச்சிருக்கிற ரெப்போ) டெபியன்ல போடலாமான்னு ரெண்டு பேர் கேட்டாங்க. போடாதீங்க, லைப்ரரி வெர்ஷன் ஒத்துப்போகாம அடுத்த அப்கிரேடுல சிஸ்டமே சிக்கிக்கும்.

அப்டேட் 3: சேர்த்ததை எடுக்கிறது எப்படின்னு கேட்டிருந்தீங்க. சோர்ஸ் ஃபைல், ப்ரிஃபரன்ஸ் ஃபைல், சாவி மூணையும் அழிச்சுட்டு ஆப்ட் அப்டேட். ஃபயர்பாக்ஸையும் சேர்த்து ரிமூவ் பண்ணிடுங்க, இல்லன்னா செக்யூரிட்டி அப்டேட் எங்கிருந்தும் வராம அது பாட்டுக்கு பழசாவே ஓடிக்கிட்டு இருக்கும்.